ஆறுச்சாமி அடிச்ச கத்தி

தம்பி, இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கறீங்களா? கம்பியைப் புடிச்சா பை நழுவுது, பையைப் புடிச்சா நான் நழுவறேன். ரொம்ப சந்தோசமுங்க. பாத்துங்க, அழுத்திப் புடிக்காதீங்க. உள்ள கத்தி இருக்குது.

அட, எந்திரிக்காதீங்க. நான் அந்த மாதிரி ஆளு இல்லீங்க. பம்ப் கம்பெனியில இருபத்தாறு வருஷம் இன்ஸ்பெக்டரா இருந்து போன வருஷந்தான் ரிட்டயர் ஆனேன். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்ல, குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஆறுச்சாமின்னு பேரு, சிங்காநல்லூர்ல வீடு. அது மாங்கா வெட்டற கத்திங்க. நாலு சுத்து பேப்பர் சுத்தி, ரப்பர் பேண்டு போட்டு, துண்டுல பொதிஞ்சிருக்குது. என்ற சம்சாரம் சுத்துனது. மொதல்ல நான்தான் சுத்துனேன். அவ அதைப் பிரிச்சுட்டு மறுபடியும் சுத்துனா.

அப்பாடா, உங்க பக்கத்துலயே எடம் காலியாயிருச்சு. பை உங்க மடியிலயே இருக்கட்டும், நல்லா உக்காந்திருக்குது. இந்த சீட்டைப் பாருங்க, நாலு திருகாணி இருக்கற எடத்துல மூணுதான் இருக்குது. உங்க சட்டையில கூட ரெண்டாவது பட்டன் நூலு வேற கலரு. தப்பா எடுத்துக்காதீங்க. பழக்கம். இந்தப் பழக்கத்துலதான் கதையே.

கம்பெனியில என்ற வேலை என்னன்னா, இரும்பு வார்க்கற பட்டறையில இருந்து பம்ப்போட கூடு வரும். நான் ஒரு சின்ன சுத்தியல்ல தட்டிப் பாப்பேன். கணீர்னு கேட்டா நல்ல மால். சத்தம் கம்மலா வந்தா உள்ள விரிசல். மேசை மேல மூணு பெயிண்ட் டப்பா. பச்சைன்னா பாஸ். மஞ்சன்னா ரீவொர்க்கு, அதாவது குறையைச் சரி பண்ணிக் கொண்டான்னு அர்த்தம். செகப்புன்னா மறுபடியும் உலைக்கே போக வேண்டியதுதான். செகப்பு டப்பா மாசம் ஒண்ணு காலியாகும். மஞ்ச டப்பா தொறந்தது தொறந்தபடி காஞ்சு கெடக்கும். மஞ்ச அடிச்சா அவன் என்ன தப்புன்னு கேப்பான், நான் விளக்கோணும், அது திரும்பி வரும், திரும்பவும் பாக்கோணும். செகப்புன்னா ஒரே இழுப்புங்க.

ரங்கண்ணன்னு ஒரு மோல்டர். புதுசா ஒரு அச்சு அவனே யோசிச்சுச் செஞ்சு, மொத வார்ப்பைத் தானே தூக்கிக்கிட்டு என்ற மேசைக்கு வந்தான். கொழந்தையைக் காட்டற மாதிரி ரெண்டு கையில ஏந்திக்கிட்டு நின்னான். ஓரத்துல குண்டூசி மொனை அளவுக்கு ஒரு ஓட்டை. செகப்பை இழுத்துட்டேன். அன்னிக்கு மேனேஜர் என்னைத் தட்டிக் குடுத்தாரு. அதைப் பத்து வருஷமா வீட்டுக்கு ஒறம்பரைங்க, சொந்தக்காரங்க வந்தா சொல்லிக்கிட்டிருந்தேன்.

ரிட்டயர் ஆனா பெயிண்ட் டப்பாவைக் கம்பெனியிலயே வச்சுட்டு வந்தரோணுமுங்க. நான் வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். டப்பாவைச் சொல்லலீங்க, புத்தியைச் சொல்றேன். தோசை ஓரம் தடிமனா இருக்குதுன்னேன். துணி காயப் போடறப்ப க்ளிப்பு ஒரே அளவு தூரத்துல இல்லைன்னேன். வசந்தாமணி பொறுத்துக்கிட்டா. வசந்தாமணிங்கறது என்ற சம்சாரம். முப்பது வருஷமாப் பொறுத்துப் பழகுனவ.

சித்திரையில அவ வெட்டு மாங்கா ஊறுகா போட்டு விக்கலாம்னு ஆரம்பிச்சா. அவ ஊறுகா நல்லா இருக்கும், அதுல குத்தம் சொல்ல முடியாது. மாடி வீட்டம்மா மொத ஆர்டரு குடுத்தாங்க, பதினஞ்சு பாட்டில். அவுங்க வாங்கிக்கிட்டுப் போக வந்து ஹால்ல உக்காந்திருக்கறாங்க. வசந்தாமணி புதுச் சீலை கட்டியிருந்தா. எதுக்குன்னு நான் அப்ப யோசிக்கல. ஊறுகா விக்கறதுக்குப் புதுச் சீலை எதுக்குன்னு நெனச்சேனுங்க.

நான் என்ன பண்ணுனேன்னா, நல்ல எண்ணத்துலதாங்க பண்ணுனேன், ஒரு பாட்டிலைத் தொறந்து நாலு துண்டை எடுத்து வெர்னியர் வச்சு அளந்தேன். வெர்னியர்ங்கறது கம்பெனியில நூலளவு வித்தியாசம் கூடக் கண்டுபுடிக்கற அளவுகோலு. ஒரு துண்டு பதினெட்டு மில்லி மீட்டர், ஒண்ணு இருபத்தாறு. அந்தம்மாகிட்டயே சொன்னேன், "சைசு ஒரே மாதிரி வரலீங்க, இது மொத லாட்டு, அடுத்த லாட்டுல சரி பண்ணீரலாம்"னு. சொல்லிப்போட்டு, துண்டு ரொம்பக் கோணலா இருந்த மூணு பாட்டில்ல செகப்பு ஸ்டிக்கரும் ஒட்டிட்டேன்.

அந்தம்மா, "அப்ப அடுத்த லாட்டே வாங்கிக்கறேனுங்க"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

வசந்தாமணி கத்தலை. பதினஞ்சு பாட்டிலையும் எடுத்துப் பரண் மேல வச்சா. எறங்கி வந்து ஒண்ணே ஒண்ணு கேட்டா. "அடுத்தவங்க செஞ்சதுல குத்தம் கண்டுபுடிச்சே சம்பாரிச்சீங்க. உங்க கையால இதுவரைக்கும் ஒண்ணு செஞ்சிருக்கறீங்களா? ஒரு காப்பி?" அதோட சரி. நாப்பது நாளு எங்கிட்டப் பேசலீங்க.

பேசலைன்னா சோறு போடலைன்னு இல்ல. "சாப்படறவங்க சாப்படலாம்"னு சாமி படத்தைப் பாத்துச் சொல்லுவா. "குளிக்கறவங்களுக்குத் தண்ணி காஞ்சிருச்சு"ன்னு ஜன்னலைப் பாத்துச் சொல்லுவா. வீட்டுல இருக்கறது ரெண்டே பேரு. நானும் கொஞ்ச நாளு முறுக்கிக்கிட்டு, "டீ குடிக்கறவங்களுக்கு டீ வேணும்"னு டிவியைப் பாத்துச் சொல்லிக்கிட்டிருந்தேன். அப்பறம் ஒரு நாளு பெங்களூர்ல இருக்கற மககிட்டப் போன்ல பேசறா. "வைகாசி முடிஞ்சதும் வந்தர்றேன் கண்ணு. அங்கயே இருந்துக்கறேன். இங்க என்ன, எல்லாம் சரியாப் பண்ணத் தெரிஞ்சவரு இருக்கறாரு, அவரே பாத்துக்குவாரு." அடுத்த நாளே சூட்கேஸை எடுத்து ஹால்ல வச்சுட்டா. அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சுங்க. அவ இல்லாம எனக்கு ஒரு நாளும் ஓடாது. இதை இப்ப பஸ்ஸுல உங்ககிட்டச் சொல்றேன், அவகிட்ட இன்னும் சொல்லலை.

பயம் வந்தா மத்தவங்க மன்னிப்புக் கேப்பாங்க. நான் ரூட் காஸ் பாத்தேன். கம்பெனியில ஒரு முறை உண்டு. ஒரு குறை வந்தா, ஏன்னு அஞ்சு தடவை கேக்கோணும், மூல காரணம் அகப்பட்டுரும். நோட்டு எடுத்து எழுதுனேன். ஏன் பேசறதில்ல? ஆர்டரு போயிருச்சு. ஏன் போச்சு? துண்டு கோணல்னு நான் சொன்னேன். ஏன் கோணல்? மாங்காக் கொட்டை கெட்டி, கத்தி நழுவுது. ஏன் நழுவுது? கத்தி மொட்டை. ஏன் மொட்டை? நல்ல கத்தி வாங்கிக் குடுக்கலை. அஞ்சு ஏன் முடிஞ்சுது. மூல காரணம், கத்தி. ஆறாவது தடவை ஏன்னு கேட்டிருந்தா ஆறுச்சாமின்னு வந்திருக்கும். முறைப்படி அஞ்சோட நிறுத்திட்டேன்.

அந்த வாரமே போன்ல ஒரு விளம்பரம் வந்துச்சு. ரெண்டு ஞாயித்துக்கிழமையில உங்க கத்தியை நீங்களே அடிச்சுக்கலாம், முன் அனுபவம் தேவையில்லை. எனக்குச் சட்டுன்னு பொறி தட்டுச்சு. கத்தியும் ஆச்சு, கையால ஒண்ணு செஞ்ச மாதிரியும் ஆச்சு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கான்னு நெனச்சேன்.

தொண்டாமுத்தூரு தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள்ள தகர ஷெட்டு. சொல்லிக் குடுக்கறது ஷெரின்னு ஒரு புள்ள, என்ற மக வயசுதான் இருக்கும். கத்துக்க வந்ததுல என்னோட நாலு பேரு. சாஃப்ட்வேர் பசங்க ரெண்டு பேரு, ஒரு பல் டாக்டரம்மா, நான். ஆளாளுக்குத் தன்னைப் பத்திச் சொன்னாங்க. நான் சொன்னேன், "மேடம், எனக்கு இரும்பைப் பத்தி எல்லாம் தெரியும். பாடத்தை விட்டுட்டு நேரா அடிக்கறதுக்கே போயிரலாம்." அந்தப் புள்ள, "சரிங்க அங்கிள். ஏப்ரனைத் தலைகீழாக் கட்டியிருக்கீங்க"ன்னு சொல்லுச்சு.

லாரியில ஸ்ப்ரிங்குப் பட்டை இருக்குது பாருங்க, அதுல ஆளுக்கு ஒரு துண்டு. அதை உலையில வச்சு, ஆரஞ்சுப் பழக் கலரு வந்ததும் இடுக்கியில எடுத்துப் பட்டறைக் கல்லு மேல வச்சு அடிக்கோணும். இவ்வளவுதான். நான் எடுத்தேன். எடுத்ததும் பக்கத்துல இருந்த பையன்கிட்ட, "இப்ப இது தொள்ளாயிரம் டிகிரி இருக்கும், இந்தச் சூட்டுல உள்ள என்ன நடக்குதுன்னா"ன்னு ஆரம்பிச்சேன். சொல்லி முடிச்சுட்டு அடிச்சா, கல்லு மேல கல்லை அடிச்ச மாதிரி கை அதிருது. இரும்பு ஆறிப் போச்சு. மறுபடி உலையில வச்சேன். மறுபடி எடுத்தேன். டாக்டரம்மா சுத்தியலைப் புடிச்ச விதம் தப்பா இருந்துச்சு, சொல்லாம இருக்க முடியல. மறுபடி ஆறிப் போச்சு. நாலாந்தடவை ஷெரின் வந்து பக்கத்துல நின்னுச்சு. "அங்கிள், நீங்க சொல்றதெல்லாம் சரிதான். ஆனா இரும்பு கேட்டுக்கிட்டிருக்காது. அடிங்க."

இருபத்தாறு வருஷமா நான் புடிச்சது கால் கிலோ சுத்தியல். தட்டிப் பாக்கற சுத்தியல். அங்க குடுத்தது ஒரு கிலோ. மத்தியானத்துக்குள்ள தோள்பட்டை என்னோடதா அடுத்தவனோடதான்னு தெரியல. கை முடியெல்லாம் பொசுங்கிப் போச்சு. வீட்டுக்குப் போனா, "தீஞ்ச வாசம் வருது"ன்னு ஜன்னல்கிட்டச் சொன்னா. எங்க போயிட்டு வர்றேன்னு அவ ஜன்னலையும் கேக்கல, நானும் சொல்லல.

ரெண்டாவது ஞாயிறு. எல்லாத்தோடதும் கத்தி மாதிரி ஆயிருச்சு. என்னோடது வாழைப்பழத்துக்குத் தம்பி மாதிரி வளைஞ்சு இருந்துச்சு. அப்பறம் முக்கியமான கட்டம். கத்தியைச் செவக்கக் காச்சி எண்ணெய்ல முக்கோணும். அப்பத்தான் கடினமாகும், கூரு நிக்கும். நான் கைதூக்குனேன். "மேடம், தண்ணியில முக்குனா இன்னும் வேகமாக் குளிரும். கடினம் அதிகமா வரும். புஸ்தகத்துல இருக்குது." ஷெரின் சொல்லுச்சு, "இந்தப் பட்டைக்கு எண்ணெய்தான் அங்கிள். தண்ணியில விரிசல் விட்டுரும்."

நான் கேக்கற ஆளா? அந்தப் புள்ள டாக்டரம்மா கத்தியைப் பாக்கத் திரும்புச்சு. ஓரத்துல கை கழுவற பக்கெட்டு இருந்துச்சு. செவந்த கத்தியைச் சொய்ங்னு அதுக்குள்ள விட்டேன்.

டிங்குன்னு ஒரு சத்தம். ரொம்பச் சின்னச் சத்தம். அந்த ஷெட்டுல யாருக்கும் அது என்னன்னு தெரிஞ்சிருக்காது. எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமா அந்தச் சத்தத்தைக் கண்டுபுடிக்கத்தான் எனக்குச் சம்பளம். வெளியில எடுத்துப் பாத்தேன். கூருல இருந்து முதுகு வரைக்கும் ஒரு கோடு. செகப்புங்க. என்ற மாலுக்கு நானே செகப்பு.

டாக்டரம்மா கத்தி பளிச்சுன்னு வந்திருந்துச்சு. அந்த நேரத்துலயும் பாத்தேன், நுனியில ஒரு மில்லி வளைவு இருந்துச்சு. வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். இந்தக் கதையில நான் பெருமையாச் சொல்லிக்கறது அது ஒண்ணுதான்.

ஷெரின் திட்டும்னு நின்னேன். பக்கெட்டைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. இன்னொரு துண்டுப் பட்டையை எடுத்துக் கல்லு மேல வச்சுச்சு. "மணி பதினொண்ணுதான் ஆகுது அங்கிள். சாயங்காலம் வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்." நான், "எங்க தப்புன்னு நீங்க கேக்கலையே"ன்னேன். "உங்களுக்குத்தான் தெரியுமே"ன்னுச்சு.

அன்னிக்கு நான் பேசலீங்க. நெசமாத்தான். செவந்தா எடுத்தேன், அடிச்சேன், ஆறுனா உள்ள வச்சேன். மூணு மணிக்கு மத்தவங்கெல்லாம் கத்தியோட போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நான் அடிச்சுக்கிட்டே இருந்தேன். எண்ணெய்லதான் முக்குனேன். தீட்டி, கட்டையில பிடி செதுக்கி, பசை போட்டு ஆணி அடிச்சு மாட்டுனேன். பசை காய ரெண்டு நாளாகும், வச்சுட்டுப் போங்கன்னு ஷெரின் சொல்லுச்சு. சூட்கேஸு ஹால்ல நிக்கறப்ப ரெண்டு நாளுக்கு நான் எங்க போறது? எடுத்துக்கிட்டு வந்துட்டேன். பஸ்ஸுல உக்காந்து வெர்னியர் வச்சு அளந்தேன். ஒரு எடத்துல ரெண்டு மில்லி, ஒரு எடத்துல மூணரை. நானா இருந்தா கம்பெனி கேட்டுலயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தா வசந்தாமணி சமையல்கட்டுல நின்னுக்கிட்டு அந்த மொட்டைக் கத்தியில ஒரு மாங்காயோட மல்லுக்கட்டிக்கிட்டிருக்கறா. வர்ற வழியெல்லாம் என்ன பேசோணும்னு தயார் பண்ணி வச்சிருந்தேன். பட்டையோட கிரேடுல ஆரம்பிக்கறதா இருந்துச்சு. அதெல்லாம் விட்டுட்டு, கத்தியை ரெண்டு கையில ஏந்தி அவ முன்னால நீட்டுனேன்.

பாத்தா. நல்லாப் பாத்தா. கையை நீட்டல.

நான் நீட்டுனபடியே நிக்கறேன். அப்பத்தாங்க ரங்கண்ணன் ஞாபகம் வந்துச்சு. அவன் இப்படித்தான நின்னான். அன்னிக்கு நான் வார்ப்பைப் பாத்தேன், ஓட்டையைப் பாத்தேன், மேனேஜரைக் கூடப் பாத்தேன். அவன் மூஞ்சியைப் பாக்கவே இல்லைங்க. என்ன மூஞ்சி வச்சிருந்தான்னு இப்ப யாரு வந்து கேட்டாலும் எனக்குத் தெரியாது. அழுகை வந்துருச்சுன்னே வச்சுக்கங்க. அம்பத்தொம்பது வயசுல, கையில கத்தியை வச்சுக்கிட்டு அழறவனை நீங்க பாத்திருக்க மாட்டீங்க.

"கீழ வைங்க"ன்னா.

சரி, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பெங்களூருக்கு அவ டிக்கெட்டு போட்டுட்டா, நான் காப்பி போடக் கத்துக்கோணும். அவளே மறுபடியும் சொன்னா. "கீழ வைங்கன்னு சொல்றேன். கத்தியைக் கைக்குக் கை குடுப்பாங்களா? சண்டை வரும்னு தெரியாது? இருக்கற சண்டை பத்தாதா?"

தம்பி, அவ சாமி படத்தைப் பாக்கலீங்க. ஜன்னலைப் பாக்கலீங்க. என்னைப் பாத்துச் சொன்னா. கத்தியைக் கைக்குக் கை குடுக்கக் கூடாது, கீழ வச்சாத்தான் எடுக்கோணும்னு எங்க வீட்டுல எல்லாத்துக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்னிக்கு மறந்துட்டேன். எங்கிட்ட இனிமே சண்டையே வேண்டாம்னுதான் அவ கையை நீட்டாம நின்னிருக்கறா. நான் ரிஜெக்டுன்னு நெனச்சுட்டேன். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானுங்க.

மேடை மேல வச்சேன். எடுத்தா. மாங்காயை நிறுத்திக் கொட்டைக்கு நேரா ஒரே போடு. டக்குன்னு ரெண்டா விழுந்துச்சு. அப்பறம் நாலா ஆச்சு, எட்டா ஆச்சு. நான் துண்டைப் பாக்கலை, அவ மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். மூணாவது மாங்காயில நிறுத்திட்டா. கத்தியைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "பிடி ஆடுது"ன்னா.

எனக்குத் தெரியும், பசை காயலை. "ரிஜெக்டா?"ன்னு கேட்டேன். வாய்ல அந்த வார்த்தைதான் வந்துச்சு.

அவ சிரிக்கலை. சிரிச்சான்னு சொன்னா கதை நல்லா இருக்கும், ஆனா சிரிக்கலை. "ஆடறது பிடிதான? இரும்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்குது. சரி பண்ணிக் கொண்டாங்க"ன்னா.

மஞ்சளுங்க. இருபத்தாறு வருஷத்துல நான் ஒருத்தனுக்கும் மனசார இழுக்காத மஞ்சளை, அவ ஒரே பேச்சுல இழுத்துட்டா. ராத்திரி பரண் மேல ஏறி அந்த மூணு பாட்டில்ல இருந்த செகப்பு ஸ்டிக்கரைக் கிழிச்சேன். பாதிதான் வந்துச்சு. ஒட்டுறப்ப நான் நல்லா அழுத்தி ஒட்டியிருக்கறேன்.

ஷெரினுக்குப் போன் பண்ணேன். கொண்டாங்க அங்கிள், பெரிய ஆணியாப் போட்டு இறுக்கிக்கலாம்னுச்சு. அதுதான் இப்பப் போயிக்கிட்டிருக்கறேன். ரங்கண்ணன் இப்ப எங்க இருக்கறான்னு கூட ரெண்டு பேருகிட்ட விசாரிச்சிருக்கறேன். கண்டா என்ன சொல்லறதுன்னு தெரியல. மொதல்ல அவன் மூஞ்சியைப் பாக்கோணும்.

பெங்களூரா? போறாளா இல்லையான்னு அவளும் சொல்லலை, நானும் கேக்கலை. சூட்கேஸு இன்னும் ஹால்லதான் நிக்குது. ஆனா இன்னிக்குக் காலையில பாத்தேன், அது மேல மாங்காக் கூடையை வச்சிருக்கறா. பத்துக் கிலோ இருக்கும். மாடி வீட்டம்மா கேட்ட அடுத்த லாட்டுக்குத்தான். நான் கெளம்பறப்ப வாசல் வரைக்கும் வந்து, "மத்தியானத்துக்குள்ள வந்துருங்க, மாங்கா வாடீரும்"னா. மாங்காய்க்காகத்தான் சொன்னா, எனக்குத் தெரியாமலா? ஆனா நாப்பது நாளைக்கு அப்பறம் சம்சாரம் வாசல்ல நின்னு வந்துருங்கன்னு சொன்னா, அது மாங்காய்க்கா எனக்கான்னு நான் தட்டிப் பாக்கப் போறதில்லீங்க.

அந்தா ஸ்டாப்பிங் வந்துருச்சு. பையைக் குடுங்க தம்பி. இல்லில்ல, கையில வேண்டாம். ஏறறப்ப அவசரத்துல உங்க கையிலயே குடுத்துட்டேன். சீட்டு மேல வைங்க, நான் எடுத்துக்கறேன். நமக்குள்ள எதுக்குங்க சண்டை.